கைப்பிடி பார்த்த திசை

கூடப்பிறந்த தங்கையை ஜெயிலுக்கு அனுப்ப வழி கேட்டு வந்த மனிதர், முதல் காரியமாக ஆபீஸ் குழாயை ரிப்பேர் செய்தார்.

கொசுவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். கொசு என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆள் ஒல்லி, வாய் ஓயாது, விரட்டினாலும் காதுப் பக்கமே சுற்றுவான் என்பதால் மேடம் வைத்த பெயர். மேடம் என்றால் அந்தத் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி. முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். நிறுவனம் என்பதும் கொஞ்சம் பெரிய வார்த்தைதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு மேஜை, மூலையில் ஒரு வாஷ்பேசின், அதன் மேல் ஓயாமல் சொட்டும் ஒரு குழாய். அந்தச் சத்தத்துக்கு இருவர் காதும் மரத்துப்போயிருந்தன.

வந்தவருக்கு மரத்துப்போகவில்லை. "எங்கப்பாவ என் தங்கச்சி கொன்னுட்டா" என்று ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தைக்குப் போக முடியாமல் வாஷ்பேசினைப் பார்த்தார். மறுபடி வாயைத் திறந்தார். சொட். மறுபடி மூடினார்.

"ஒரு நிமிஷம் மேடம். இது இப்படிச் சொட்டினா எனக்குப் பேச்சு வராது."

தோளில் இருந்த பையைத் தரையில் வைத்துத் திறந்தார். ஸ்பானர், வாஷர், ரெஞ்சு. பிளம்பர். அடியிலிருந்த வால்வை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, மரையிலிருந்த பழைய நாரைச் சுரண்டியெடுத்தார். பிறகு வெள்ளை டேப்பை எடுத்து மரையைச் சுற்ற ஆரம்பித்தார். கொசு வாய் பிளந்து பார்த்தான். டேப்பை இழுத்து விறைப்பாக்கி, ஒரு சுற்று முந்தின சுற்றில் பாதியை மறைக்கிற மாதிரி, சுருக்கமில்லாமல் ஏற்றிக்கொண்டே போனார். முடிவில் கத்தியும் இல்லை, கத்திரியும் இல்லை. வெடுக்கென்று ஒரு இழுப்பு. டேப் பிசிறு விட்டு அறுந்தது. அந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"உங்க கை பேசுது சார்" என்றான் கொசு. "வாயும் கொஞ்சம் பேசினா நாங்க கேஸைத் தெரிஞ்சுக்கலாம்."

குழாயை முறுக்கிக்கொண்டே பேசினார். முதுகு காட்டிப் பேசுவது அவருக்கு வசதியாக இருந்தது போலும்.

"அப்பாவுக்கு ஒரு கிட்னிதான் வேலை செஞ்சுது. அதுலயும் கல்லு அடைச்சு, தண்ணி கீழ இறங்கல. முதுகுல ஓட்டை போட்டு, நேரா கிட்னிக்குள்ள ஒரு டியூப் விட்டு, வெளிய பையில இறக்கி விட்டாங்க. டியூபுக்கும் பைக்கும் நடுவுல சின்னதா ஒரு குழாய். திருப்புற கைப்பிடி வெச்சது. அத மூடிட்டா மேடம். சாக்கடைய மூடினா என்ன ஆகும்? வீட்டுக்குள்ள ஏறும். அப்பாவுக்கு உடம்பெல்லாம் ஏறிப்போச்சு. ரத்தம் விஷமாயிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பொழைக்கல."

"அவங்க மூடினத நீங்க பார்த்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

ரெஞ்சு ஒரு கணம் நின்றது. "மூடியிருந்துதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வேற யார் இருக்கா அந்த வீட்டுல? அப்பாவும் அவளும்தான்."

"ஏன் மூடணும்?"

"அலுத்துப்போச்சு. 'அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் விடுதலை'ன்னு என்கிட்டயே போன்ல சொன்னா. பெத்த அப்பனப் பத்தி! இன்னிக்கு சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வர்றார். இவ என்னடான்னா, 'கட்டு மாத்தறப்ப என் கைதான் தெரியாம பட்டிருக்கும், எழுதிக் குடுத்துடறேன்'னு நிக்கிறா. தெரியாமயாம்! தெரிஞ்சேதான் செஞ்சான்னு நீங்க நிரூபிக்கணும்."

"அண்ணன் தங்கச்சி பாசத்தப் பார்த்தா எனக்கே கண்ணு கலங்குது" என்றான் கொசு.

மேடம் ஒரு பார்வை பார்த்தார். கொசு ஜன்னலைப் பார்த்தான்.

பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினார். ஈரக்கையால் துடைத்ததால் எது கண்ணீர், எது குழாய்த்தண்ணீர் என்று சொல்ல முடியவில்லை. அவர் வெளியே போன பிறகு ஆபீஸ் நிசப்தமாக இருந்தது. குழாயில் ஒரு பொட்டுத் தண்ணீர்கூடத் தொங்கவில்லை.

"கை சுத்தம்" என்றான் கொசு. "மனசுதான் கொஞ்சம் கசியுது."

"வண்டிய எடு" என்றார் மேடம்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அவர்களை நிற்க வைத்தே பேசினார். உட்காரவும் வழியில்லை. இருந்த ஒரே நாற்காலியில் மருந்துப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. காலையிலிருந்து யார்யாரிடமோ கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரல்.

"அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணுங்க. இந்த டியூப் இருக்கே, சனியன். படுத்தா மடங்கும். திரும்பினா இழுக்கும். சில சமயம் உள்ள ரத்தக்கட்டி வந்து அடைக்கும், சில சமயம் தையல் விட்டு நழுவி வெளிய வந்து நிக்கும். எல்லாத்தையும் அந்தப் பொண்ணு பார்த்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அப்பாவத் தூக்கிட்டு ஓடி வருவா. அவ கொன்னாளா? போங்க, போய் வேற வேலை இருந்தா பாருங்க."

"மூடியிருந்தத முதல்ல பார்த்தது நீங்கதானா?"

"நான்தான். அத நெனச்சாதான் வயிறு எரியுது. குழாய் மேல டேப் சுத்தியிருந்துச்சு. பிரிக்கவே வரல. பிளேடு வெச்சு அறுத்தேன். பார்த்தா மூடிக் கெடக்கு. திறந்தவுடனே வந்துச்சு பாருங்க…" நர்ஸ் முடிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். "போலீஸ் வாங்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு. கை வெக்காம பாருங்க."

உள்ளே விரல் நீளத்துக்கு அறுத்தெடுத்த டேப் கூடு, வளையல் உடைந்தது போல ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. கொசு குனிந்து பார்த்தான். அவனுடைய காது நுனி சூடாகியது. டேப் பாதிக்குப் பாதி ஏறி ஏறிப் போயிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. கடைசி நுனி பிசிறு பிசிறாக அறுந்து, மேலே கட்டைவிரல் தேய்த்த தடம் வழவழவென்று இருந்தது.

"மேடம்…"

"பார்த்தேன். சத்தம் போடாதே." மேடம் நர்ஸ் பக்கம் திரும்பினார். "உங்க வார்டுல யாராவது இப்படி சுத்துவாங்களா?"

"எங்களுக்கு ஏதுங்க அவ்வளவு நேரம்? அந்தப் பொண்ணும் இப்படிச் சுத்த மாட்டா. கத்திரியில வெட்டி, நுனிய லேசா மடிச்சு விடுவா, பிரிக்கறப்ப அப்பாவுக்கு வலிக்கக் கூடாதுன்னு. நான்தான் கத்துக்குடுத்தேன். அந்தக் குழாய மட்டும் தொடவே கூடாதுன்னும் சொல்லித்தான் அனுப்புவோம். வீட்டு ஆளுங்க கை வெச்சா தப்பாத்தான் திருப்புவாங்க."

மேடத்தின் புருவம் ஏறியது. "தப்பாத்தான்னா?" என்றவர் சட்டென்று, "கொசு, கார்ல என் கண்ணாடி இருக்கும், எடுத்துட்டு வா" என்றார்.

கொசு ஓடினான். காரின் சீட்டுக்கடியில் எல்லாம் தேடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கண்ணாடி மேடத்தின் மூக்கின் மேலேயே இருந்தது.

"கெடச்சுதா?" என்றார் மேடம் கூசாமல்.

"கெடச்சுது மேடம். நான் ஏமாந்த இடத்துலயே இருக்கு."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் மேடத்தின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நெளியும். இன்று இல்லை. கையில் ஒரு பை இருந்தது. அதில் ஒரு பெரிய சலைன் பாட்டில், டியூப், புத்தம்புதிதாக ஒரு சின்னக் குழாய்.  கார்க் கதவைத் திறந்தபோது, "இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாதுடா" என்றார்.

கொசு அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அவன் ஏற்கெனவே கேஸை முடித்துவிட்டிருந்தான்.

"அந்த டேப் நம்ம பிளம்பரோட கைவேலை மேடம். ஆபீஸ்ல என் கண்ணால பார்த்தேன். மூடினதும் அவர்தான், மேல சுத்தினதும் அவர்தான். பழிய தங்கச்சி மேல போட்டுட்டு, கண்ணு கலங்கிக்கிட்டு நம்மகிட்டயே வந்திருக்கார். என்ன தைரியம்! கொலைகாரனே துப்பறியக் கூலி குடுக்கறான். நமக்கு மட்டும்தான் இப்படி கிராக்கி அமையும்."

"ஏன் கொல்லணும்?"

"அது… அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நீங்க கண்டுபிடிப்பீங்க. எல்லாத்தையும் நானே செஞ்சா எப்படி?"

மேடம் வழியெல்லாம் அந்தச் சின்னக் குழாயைக் கையில் வைத்து, அதன் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வந்தார்.

தங்கை கதவைத் திறந்தாள். நாற்பது வயதுக்கு ஐம்பதாகத் தெரிந்தாள். பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவள். அப்பா முதுகில் டியூப் ஏறிய அன்று வேலையை விட்டவள். போலீஸ் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, கையில் ஒரு துணிப்பையோடு தயாராக நின்றாள். மாற்றுச் சேலை, பல் பிரஷ்.

"அவங்க இல்லம்மா நாங்க, உங்க அண்ணன் விசாரிக்கச் சொன்னவங்க" என்றார் மேடம். "அப்பா இருந்த ரூமைப் பார்க்கலாமா?"

சின்ன அறை. இரும்புக் கட்டில், மடித்து வைத்த மெத்தை. கட்டில் சட்டத்தில் பை மாட்டும் கொக்கி. பக்கத்திலேயே ஒரு கத்திரிக்கோல், தொலையாமல் இருக்க நூலில் கட்டித் தொங்கியது. ஜன்னலில் பாதி தீர்ந்த டேப் உருளை, அதன் நுனி லேசாக மடிக்கப்பட்டிருந்தது. கொடியில் துவைத்த சட்டைகள். ஒவ்வொன்றிலும் முதுகுப் பக்கம் கத்திரித்து, ஓரம் மடித்துத் தைத்த ஒரு வாய். டியூப் வெளியே வருவதற்கு. கொசு அந்தத் தையலைப் பார்த்தான். கல்யாணச் சட்டைக்குப் போடுகிற மாதிரி நெருக்கமான தையல்.

"அப்பா போனா விடுதலைன்னு சொன்னீங்களா?" மேடம் நேராகவே கேட்டார்.

"சொன்னேன்." அவள் மறைக்கவில்லை. "எப்பப் படுத்தேன், எப்ப எந்திரிச்சேன்னே தெரியாத ஒரு நாள் சொன்னேன். அண்ணன்கிட்டதான் சொன்னேன். வேற யார்கிட்டங்க சொல்வேன்? நீ கொஞ்ச நாள் வெச்சுக்கயேன்னு கேக்க வாய் வரல. அதுக்குப் பதிலா அது வந்துடுச்சு."

"கடைசியா அந்தக் குழாய்ல என்ன ஆச்சு?"

"கசிஞ்சுது. பின்னாடி சட்டையெல்லாம் ஈரம். பஞ்சு வெச்சு வெச்சுப் பஞ்சும் தீர்ந்துபோச்சு. அண்ணன் வந்தான். நல்லதாப் போச்சு, பார்த்துக்கண்ணேன்னு சொல்லிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். போறதுக்கு முன்னாடி பையக் காலி பண்ணிட்டுத்தான் போனேன். பை கனத்தா டியூப இழுக்கும், அப்பா பல்லக் கடிச்சுக்குவார்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "பையக் காலி பண்ணிட்டுப் போனீங்க."

"ஆமாங்க. திரும்பி வந்தா அண்ணன் கிளம்பிட்டான். அப்பா நல்ல தூக்கம். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படித் தூங்கறார், எதுக்கு எழுப்பறதுன்னு விட்டுட்டேன். கை வெச்சுப் பார்த்தேன், காய்ஞ்சிருந்துச்சு. அப்புறம் ராத்திரி பையில ஒண்ணுமே இறங்கல. எங்கயோ மடங்கியிருக்குன்னு நெனச்சு டியூபத் தடவித் தடவிப் பார்த்தேன். திருப்பிப் படுக்க வெச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா, காலையில கூட்டிட்டு வாங்கன்னாங்க. அதுக்குள்ள குளிர் ஜுரம், பேச்சு குழறிப்போச்சு. அந்தக் குழாயத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதனால தொடல." தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி எப்பவோ என் கைதாங்க பட்டிருக்கணும். வேற யார் தொட்டா?"

சொல் பேச்சு கேட்டதற்கு இந்தப் பரிசு! கொசுவுக்கு அண்ணன்காரன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை மேடத்தின் பார்வை அங்கேயே நிறுத்தியது.

"உங்க அண்ணனுக்குப் போன் பண்ணி வரச் சொல்லுங்க" என்றார் மேடம். "கொசு, ஒரு சின்ன பேசின் கொண்டா."

பிளம்பர் வந்தபோது சலைன் பாட்டில் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய டியூபை மேடம் விரலால் இறுக்கி மடித்துப் பிடித்திருந்தார். டியூபின் மறுமுனையில் அந்தச் சின்னக் குழாய், அதற்குக் கீழே தரையில் பேசின். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை.

"என்ன மேடம் இது? ஆதாரம் கெடச்சுதா?"

"கெடச்சுது. டேப்." மேடத்தின் குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. "அந்தக் குழாய் மேல இருந்த டேப்பைச் சுத்தினது நீங்க. இல்லைன்னு சொல்லாதீங்க. எங்க ஆபீஸ் குழாய்ல அதே கை இன்னும் இருக்கு."

தங்கை நிமிர்ந்தாள். பிளம்பரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஆமா, தொட்டேன். என்ன இப்ப? அப்பா ஈரத்துல கெடந்தார். பார்த்துட்டு நிக்கச் சொல்றீங்களா? டேப்பப் பிரிச்சேன், இணைப்பு லூசா இருந்துச்சு, முறுக்கினேன், கசிவு நின்னுச்சு."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா என்னைப் பிடிச்சுக்குவாங்க. 'நீ தொட்டே, நீதான்'னு இவளே சொல்லுவா." விரலைத் தங்கை பக்கம் நீட்டினார், அப்போதும் பார்க்காமல். "ஆனா கேட்டுக்கோங்க. நான் பிரிச்சப்பவே அந்தக் குழாய் மூடித்தான் இருந்துச்சு. பை காலி. ஒரு பொட்டு இறங்கல. இவ மூடி வெச்சுட்டு வெளிய போயிருக்கா! நான்தான் திறந்துவிட்டேன். நான் போனப்புறம் மறுபடி மூடியிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அவங்க மறுபடி மூடணும்னா டேப்பப் பிரிக்கணும். பிரிச்சா மறுபடி சுத்தணும். சுத்தினா கத்திரியில வெட்டி, நுனிய மடிச்சிருப்பாங்க." மேடம் ஜன்னலில் இருந்த உருளையைக் காட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போன டேப் அப்படி இல்ல. உங்க கைக்கப்புறம் அந்தக் குழாய் மேல வேற யார் கையும் படல."

"அப்போ…" என்று பாய்ந்தான் கொசு. "மூடினது நீங்கதான்யா!"

"நான் திறந்தேன்!" பிளம்பர் கத்தினார். "எங்கப்பா மேல சத்தியமா திறந்தேன். குழாய் திறக்கத் தெரியாதவனாய்யா நான்?"

"அப்ப திறந்து காட்டுங்க" என்றார் மேடம்.

 பிளம்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தார். வேலை என்றதும் அவர் கை நிதானமாகிவிட்டதைக் கொசு கவனித்தான்.

"முதல்ல நீங்க பார்த்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வையுங்க."

கைப்பிடியைத் திருப்பினார். டியூபுக்குக் குறுக்கே நின்றது. "இப்படி. குறுக்க. மூடி."

"இப்ப திறங்க."

கைப்பிடியை டியூபோடு டியூபாக, ஒரே கோட்டில், நேராக நிறுத்தினார். "இது திறந்தது. சின்னப் புள்ளைகூடச் சொல்லும். கைப்பிடி குழாயோட போனா தண்ணி போகும், குறுக்க நின்னா நிக்கும். ஊரு பூரா எந்தக் குழாய வேணா பாருங்க."

மேடம் மேலே மடித்திருந்த டியூபை விட்டார்.

எல்லோரும் பேசினைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை.

பிளம்பர் டியூபை உதறினார். "காத்து பிடிச்சிருக்கும்." சுண்டிப் பார்த்தார். பாட்டிலைக் குலுக்கினார். டியூபை மேலிருந்து கீழ் வரை இரண்டு விரலால் நீவிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி தங்கை எப்படித் தடவிப் பார்த்திருப்பாளோ அதே மாதிரி. "மேல அடைச்சிருக்கு மேடம். பாட்டில் வாய்ல ஏதோ அடைப்பு."

"அடைப்பு இல்ல. கைப்பிடியக் குறுக்க திருப்புங்க."

"குறுக்க வெச்சா மூடிக்கு…"

"திருப்புங்க."

திருப்பினார். தண்ணீர் பேசினில் கொட்டியது.

கொசு வாயைத் திறந்தான். அவன் வாழ்நாளில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பிளம்பர் கைப்பிடியை மறுபடி நேராக்கினார். நின்றது. குறுக்கே வைத்தார். கொட்டியது. நேராக. குறுக்கே. நேராக. குறுக்கே. யாரும் அவரைத் தடுக்கவில்லை.

"உங்க குழாய்ல கைப்பிடி தண்ணி போற வழியக் காட்டும்" என்றார் மேடம் மெதுவாக. "இதுல கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்குதோ, அந்தப் பக்கம்தான் அடைப்பு. ஆஸ்பத்திரிக் குழாய் இப்படித்தானாம். நீங்க பார்த்தப்ப அது திறந்துதான் இருந்துச்சு. பை காலியா இருந்தது, உங்க தங்கச்சி அப்பதான் காலி பண்ணிட்டுப் போனதால."

பிளம்பர் சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்தார். நல்ல கைகள். கொசு காலையில் மெச்சிய கைகள்.

"அப்பாதான் கேட்டார்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "அவருக்கு முதுகுப் பக்கம் தெரியாதே. நான் டேப்பப் பிரிச்சதும், 'கைப்பிடி எப்படிடா நிக்குது'ன்னார். குறுக்க நிக்குதுப்பான்னேன். 'அப்ப மூடிக் கெடக்குடா, திறந்து விடு'ன்னார். அவரும் ஆயுசு பூரா இதே தொழில்தானே. நான் திறந்தேன்… திறந்தேன்னு நெனச்சேன். 'அப்பாடா'ன்னார்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த இடத்தில் வக்கீல்களும் போலீஸ்காரர்களும் சொல்வதற்கு நிறைய வார்த்தைகள் வைத்திருப்பார்கள். இது கொலை இல்லை, தவறு, விதி, விபத்து. மேடமும் சொன்னார். "இத யாரும் கொலைன்னு சொல்ல மாட்டாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நடந்தத நடந்தபடி சொல்லுங்க." அந்த வார்த்தை அறையில் யாருக்கும் ஒட்டவில்லை.

தங்கை இன்னும் கட்டிலில்தான் இருந்தாள். அவள் அழவில்லை, திட்டவில்லை. கொசு எதிர்பார்த்தான், எழுந்து நாலு அறை விடுவாள் என்று. விட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"அண்ணே" என்றாள்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பிளம்பர் உதட்டைக் கடித்தார். பொய் சொல்லலாம். அந்த ஒரு நொடி அவர் பொய்யைத் தேடியது கொசுவுக்கே தெரிந்தது. குழாய் வேலை தெரிந்த அளவுக்குப் பொய் வேலை தெரியாத மனிதர்.

"நான் கத்தினேன். 'பாருங்கப்பா, உங்க மக மூடி வெச்சுட்டுப் போயிருக்கா'ன்னு. அப்பா, 'விடுடா, திட்டாத அவளை. அலுத்துப்போயிருக்கா, பாவம். போனாப் போகட்டும்'னார்."

அவள் கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தாள். பேசினில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

"அப்போ நான்தான் மூடினேன்னு நெனச்சுட்டேதான் அப்பா போனாரா?"

பிளம்பர் மறுபடி தன் கைகளைப் பார்த்தார்.

"என்னை மன்னிச்சுட்டுப் போயிருக்கார்" என்றாள் அவள். "நான் செய்யாததுக்கு."

வெளியே ஜீப் வந்து நின்றது. கதவைத் தட்டினார்கள். தங்கை தன்னையறியாமல் துணிப்பையைக் கையில் எடுத்தாள். அண்ணன் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் மார்போடு வைத்துக்கொண்டு எழுந்தார். "நான் போய்ச் சொல்றேன்" என்று கதவு பக்கம் நடந்தார். அவள் அவரை நிறுத்தவில்லை. "அண்ணே" என்று இன்னொரு முறை கூப்பிடவும் இல்லை.

பேசின் நிறைந்து தரையில் வழிய ஆரம்பித்திருந்தது. "அதை நிறுத்துடா" என்றார் மேடம், திரும்பாமலே.

கொசு குனிந்து கைப்பிடியைப் பிடித்தான். இப்போதுதான், கண்ணெதிரில், பத்துத் தடவை பார்த்தான். ஆனாலும் எந்தப் பக்கம் திருப்புவது என்று கை தயங்கி நின்றது. தண்ணீர் அவன் காலடியைத் தாண்டி, கொடியில் தொங்கிய சட்டைகளுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.